சாமி படத்துக்குப் பின்னால் போகும் கேபிள்

போன வாரம் சந்தோஷ் போன் செய்தான். நான் வேலையை விட்டு நின்றபோது, இன்டர்நெட் ஆபீஸில் என் இடத்துக்கு வந்தவன். எங்கள் தெருக்காரன்தான். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பனாகியும் அவசரம் மட்டும் குறையவில்லை. எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"அக்கா, கோட்டை ரோட்டுல அந்தப் பெரிய ஊடு இருக்குதில்ல? அங்க கேபிள் எந்த வழியா போவுது? முன்ரூம்ல பொட்டி இருக்குது, பின்ரூம்ல லைன் வருது. நடுவுல ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியல. கேக்கலாம்னா ஊட்டுக்காரங்களும் இப்ப ஊர்ல இல்ல."

"இப்ப எதுக்கு அது உனக்கு?"

"சாமி ரூம்ல டைல்ஸ் ஒட்டறாங்க. மேஸ்திரி சுவத்த கொத்தணுமாம். கேபிள் உள்ள இருந்தா இடைஞ்சலு, வெளிப்பக்கமா சுத்தி வாங்கிட்டா வேலை சுலபம்ன்றாரு. வாங்கிடட்டுமா?"

"தொடாத!" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது.

"இன்னாக்கா, இதுக்குப் போயி இப்படிக் கத்தற?" என்றான்.

இரண்டு நாள் பொறு என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆபீஸில் இருப்பவர்கள் ரொம்ப நாளாகவே, பழைய வீடுகளில் கேபிள் இழுப்பது எப்படி என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள். இப்போது வீடு கட்டும்போதே பைப்பைப் புதைத்துவிடுகிறார்கள். ஒரு முனையில் விட்டால் மறு முனையில் வந்துவிடும், மூளைக்கு வேலையே இல்லை. ஆனால் செஞ்சியில் சுண்ணாம்புச் சுவர் வீடுகள் இன்னும் இருக்கின்றன, அவற்றுக்குள் போய் முழிப்பவர்களும் இருக்கிறார்கள். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த ஒரு வீட்டைப் பற்றி எழுதினால் போதும், எனக்குத் தெரிந்த மற்றதெல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

என் நைனா சின்னசாமி டெலிபோன் லைன்மேன். நான் பன்னிரண்டாவது முடித்த கோடையில் மஞ்சள்காமாலை வந்து போய்ச் சேர்ந்தார். வாரிசு வேலைக்கு அம்மா என்னைக் கை காட்டினாள், தம்பி அப்போது ரொம்பச் சின்னவன். பயிற்சிக்கு விழுப்புரம், பிறகு சென்னை. நிறம் பார்த்து வயர்களை ஜோடி சேர்ப்பது, கம்பம் ஏறுவது, பழுது எந்த இடத்தில் என்று மீட்டர் வைத்துக் கண்டுபிடிப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பெண் கம்பம் ஏறினால் கீழே கூட்டம் கூடும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அதை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நானே தெரிந்துகொண்டேன். மேலே இருந்தபடியே, "இன்னா, இங்க படமா ஓடுது? அவங்கவங்க பஸ்ஸப் பாத்து ஏறுங்க" என்று ஒரு சத்தம் போட்டேன். அதற்கப்புறம் தொந்தரவு இல்லை.

எங்கள் லைன் இன்ஸ்பெக்டர் கோதண்டம் சார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்காது, முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். ஷோக்குப் பேர்வழி போல என்றுதான் முதலில் நினைத்தேன். அவரோடு ஒரு பழைய வீட்டுக்குள் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. முற்றத்தில் விழுகிற வெயிலைக் கண்ணாடியில் பிடித்து உத்தரத்துக்கு மேலே, கதவு நிலைக்குப் பின்னால், சுவர் இடுக்கில் எல்லாம் அடித்துப் பார்ப்பார். டார்ச் வெளிச்சம் வாசலிலேயே நின்றுவிடும், வெயில்தான் உள்ளே போகும் என்பது அவர் கட்சி.

அடுத்து வீட்டுப் பெண்களிடம் ஒரு கேள்வி கேட்பார். "ஏம்மா, உங்க ஊட்டுல எலி எங்கிருந்து எங்க போவுது?" எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் சரியாகச் சொல்லுவார்கள். ஆண்களைக் கேட்டால் தெரியாது, எங்கள் வீட்டில் எலியே இல்லை என்று ரோஷப்படுவார்கள். எலி போகிற இடத்தில் சுவருக்குள் ஏதோ ஒரு சந்து இருக்கிறது, சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முழுச் சுவரைத் துளைப்பதற்குப் பதில் அந்தச் சந்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் வயர் போய்விடும். இது எந்தப் பயிற்சியிலும் வராத பாடம்.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நாம் போட்ட ஜாயின்ட் சரியில்லை என்றால், அதைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்து, நம் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டு "மறுபடி" என்பார். அவ்வளவுதான். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம் என்று தோன்றும். "ஆயிடும் சார்" என்று யாராவது சொன்னால் மட்டும் அவருக்கு ஆகாது. "எப்ப ஆவும்? நீ ஊட்டுக்குப் போனப்புறமா?" என்பார்.

சுவரில் துளை போடுவதற்கென்று அவரிடம் ஒரு முறை இருந்தது. அதைத்தான் நான் கடைசி வரை செய்தேன். முதலில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போக வேண்டும், சத்தம் எங்கே மாறுகிறது என்று காது வைக்க வேண்டும். டிரில் போட ஆரம்பித்ததும் கொட்டுகிற தூளைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகக் கொட்டினால் சுண்ணாம்புக் காரை, தைரியமாகப் போகலாம். சிவப்பு என்றால் செங்கல், நிதானமாகப் போக வேண்டும். சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் உடனே நிறுத்திவிட வேண்டும், உள்ளே கருங்கல் இருக்கிறது. எங்கள் ஊரில் கோட்டை பக்கம் இருக்கிற பழைய வீடுகளில் எந்தச் சுவருக்குள் எந்தக் கல் இருக்கும் என்று கட்டினவனுக்கே தெரியாது. பிடிவாதமாக அழுத்தினால் டிரில் முனை உடையும், இல்லாவிட்டால் நம் மணிக்கட்டு போகும். வெளிச்சுவர் என்றால் துளை வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்து இருக்க வேண்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீர் துளை வழியாக வீட்டுக்குள் வந்து நம் பரம்பரையையே திட்ட வைக்கும்.

இனி அந்த வீடு.

ஊரில் போன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதை முன்னறையில்தான் வைத்திருந்தார்கள். தெருவில் போகிறவன் கண்ணில் படட்டும் என்று கதவைக்கூடத் திறந்து வைப்பார்கள். அந்தப் பெரிய வீட்டில் மட்டும் போன் கொல்லைப்பக்கத்து அறையில் இருந்தது. மணி அடித்தால் வீடே பின்பக்கம் ஓடும். எடுப்பதற்குள் நின்றுவிடும், திரும்பி வருவதற்குள் மறுபடி அடிக்கும். அதற்கான வயரும் வேடிக்கையாக இருக்கும். முன்பக்கக் கம்பத்திலிருந்து நேரே வீட்டுக்குள் நுழையாமல், வெளிச்சுவரோடு ஒட்டி மூலை மூலையாகத் திரும்பி, மாட்டுக் கொட்டகையைத் தாண்டி, கொல்லைப்பக்கமாக அந்த அறைக்குள் போகும். வெயிலும் மழையும் அதன் மேல்தான். மழைக்காலத்தில் முதலில் செத்துப்போகிற லைன் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வயரைப் போட்டது என் நைனா. அவர் காலனிக்காரர். வீட்டுக்குள் காலடி வைக்க விடமாட்டார்கள், கொல்லைப்பக்கம் மட்டும் வரலாம். அதனால் வயரும் கொல்லைப்பக்கம் வந்தது, வயர் வந்த இடத்தில் போனும் வந்தது. வீட்டில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவார். "எல்லா ஊட்டுக்கும் ஒரு சுருள் வயர் வாங்கனா போதும். அந்த ஊட்டுக்கு மட்டும் கவுரவத்துக்குன்னு தனியா ஒரு சுருள் வாங்கணும்." நாங்களும் சிரிப்போம். அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் அந்த லைன் வழக்கம்போலப் போய்விட்டது. கோதண்டம் சார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தெருவில் நின்று அந்த வயரைக் கண்ணால் தொடர்ந்தபடி கொட்டகை வரை போய்த் திரும்பினார். "இது வயரு போன வழி இல்லம்மா மல்லிகா. ஆளு போன வழி" என்றார். அவருக்குத் தெரியும் என்று நான் நினைக்கவே இல்லை.

வீட்டு அம்மாள் கதவுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும், "இன்ஸ்பெக்டர் சார் உள்ள வாங்க. அந்தப் பொண்ணு அங்கயே நிக்கட்டும்" என்றார். சார் ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் உள்ளே போய்விட்டார். நான் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் வயர் முனையைப் பிடித்துக்கொண்டு, அவர் உள்ளேயிருந்து "ஹலோ, கேக்குதா?" என்று கேட்கக் கேட்க, "கேக்குது சார், கேக்குது சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவர் மேல் காபி வாசனை அடித்தது.

திரும்பும் வழியில் கேட்டார். "கோவமா?"

"இல்ல சார்."

"பொய் சொல்லாத."

மறுவாரம் அந்த லைனைத் தானே பார்த்துக்கொள்வதாக மாற்றி வைத்துக்கொண்டார். "அந்த ஊட்டுக்கு இனிமே நீ போவ வேணாம்மா" என்றார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். நல்ல மனிதர், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் உள்ளே விடாதவர்கள் மேல் வந்த கோபத்தைவிட, போக வேண்டாம் என்ற அந்த வார்த்தை மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். அவர்கள் ஒரு கதவைச் சாத்தினார்கள், இவர் தெருவையே சாத்திவிட்டார்.

செம்புக் கம்பி போன்களின் காலம் முடிந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஊரிலேயே ஒருவர் நடத்திய இன்டர்நெட் ஆபீஸில் சேர்ந்தேன். கண்ணாடி இழை கேபிள் வந்தது. வேலை பெரிதாக மாறவில்லை, சுவர் அதே சுவர்தானே. ஒன்றே ஒன்றைத்தான் புதிதாகக் கற்றுக்கொண்டேன். போன் வயரை எங்கே வேண்டுமானாலும் வெட்டி முறுக்கி ஒட்டுப் போடலாம், குரல் எப்படியாவது போய்விடும். கம்ப்யூட்டருக்குப் போகிற லேன் கேபிளில் அந்த ஒட்டு வேலை நடக்காது. நடுவில் ஒட்டுப் போட்டால் வேகம் போய்விடும். ஒரே துண்டாக இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக வேண்டும். ஆணி அடித்து நசுக்கக்கூடாது, மடக்கக்கூடாது, கரண்ட் வயரோடு ஒரே பாதையில் விடக்கூடாது.

கொரோனாவெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், யமுனா ஆபீஸுக்கு வந்தாள். அந்தப் பெரிய வீட்டின் ஒரே பெண். சென்னையில் ஒரு கம்பெனியில், ஆஸ்பத்திரி பில்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கிற வேலை. அம்மா இல்லை. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டதால், வேலையோடு ஊருக்கு வந்துவிட்டாள். அப்பா படுத்திருக்கிற பின்னறையிலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பாள். இதுதான் ஏற்பாடு. எங்கள் ஆபீஸ் ஆட்கள், பழைய டெலிபோன் வயர் போன வழியிலேயே வெளிச்சுவரைச் சுற்றிக் கேபிளைப் போட்டிருக்கிறார்கள். ராஜகிரி மலையிலிருந்து வருகிற குரங்குகளுக்கு ஊஞ்சல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. பிடித்துத் தொங்கி, பிய்த்துப் போட்டுவிட்டன. மறுபடி கட்டினார்கள், மறுபடி பிய்த்தன.

"முக்கியமான மீட்டிங் நடுவுல கட்டாயிடுச்சு. இன்னொரு வாட்டி இப்படி ஆனா ஆபீஸுக்கே வந்து உக்காருன்னு மேனேஜர் சொல்லிட்டாரு" என்றாள். குரல் உடைந்தது. "நான் சென்னைக்குப் போயிட்டா எங்கப்பாவ யாரு பாப்பாங்க? பாத்ரூமுக்குக்கூட நான் புடிச்சாத்தான் வருவாரு. வேலைய உட்டா மருந்துக்கு இன்னா பண்றது?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "மல்லிகாக்கா, நீங்க ஒரு வாட்டி போயி பாத்துட்டு வாங்களேன்."

போனேன். டிரில் பிடிக்க, ஏணி தூக்க எங்கள் ஆபீஸ் பையன் முருகனும் வந்தான். அவன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான், இல்லாவிட்டால் சந்தோஷ் அவனையே கேட்டிருப்பான்.

கதவைத் திறந்த யமுனா, "உள்ள வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். அந்தப் பெண்ணுக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான் மட்டும் நிலைப்படியில் ஒரு விநாடி நின்றேன், அப்புறம் உள்ளே போனேன். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. சிமென்டுத் தரை, ஃபேன், டிவி, நாலு நாற்காலி. இதற்குத்தானா இவ்வளவு என்று ஒரு சலிப்பு வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

சுற்றிப் பார்த்தேன். முன்னறையில் வைஃபை பெட்டி. அடுத்து கூடம், கூடத்தை அடுத்து சாமி அறை, அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவர் படுத்திருக்கிற அறை. கை முழம் போதாத கனத்தில் சுவர்கள், வைஃபை கூடத்தைத் தாண்டவில்லை. மரச் சட்டத்தின் மேல் ஓடுகிற பழைய கரண்ட் வயரிங், அதோடு சேர்க்க முடியாது. முற்றத்தின் வழியாக விடலாம் என்றால் அது திறந்த முற்றம், அங்கேயும் குரங்கு இறங்குமாம். கோதண்டம் சாரைப் போல நானும் பையில் வைத்திருக்கும் கண்ணாடியை எடுத்து வெயிலைப் பிடித்துப் பார்த்தேன். கூடத்திலிருந்து சாமி அறைக்குக் கதவு நிலைக்கு மேலேயே இடுக்கு இருந்தது. மிச்சம் இருப்பது ஒரு சுவர்தான்.

"யமுனா, உங்க ஊட்டுல எலி எங்க போவுது?"

அவளும் சிரித்தாள். அப்புறம், "சாமி ரூம்லக்கா. பழம் வச்சா காலையில இருக்காது. பெருமாள் படத்துக்குப் பின்னாடி பூந்துக்கும்" என்றாள்.

சாமி அறையில் கல் பலகை மேல், சுவரோடு சாய்த்து, தேக்குச் சட்டம் போட்ட பெரிய பெருமாள் படம். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். படத்துக்குப் பின்னால், பலகைக்குச் சற்று மேலே, காரை உதிர்ந்து இரண்டு செங்கல்லுக்கு நடுவே கறுப்பாக ஒரு சந்து. வழி கிடைத்துவிட்டது.

பெரியவர் அடுத்த அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "யமுனா, சாமி ரூம்ல கை வைக்க வேணாம். வாஸ்து சரிப்படாது. முன்ன இருந்த மாதிரி வெளியவே சுத்தச் சொல்லு" என்று குரல் வந்தது. நாங்கள் பின்னறைக்குப் போனோம். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முருகனைப் பார்த்துக் கேட்டார். "தம்பிக்கு எந்த ஊரு?"

"அனந்தபுரம்ங்க."

"அங்க எந்தத் தெரு?"

முருகன் தெருவின் பேரைச் சொன்னான். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"லைன்மேன் சின்னசாமி பொண்ணு" என்றேன்.

"ஓ... அப்படியா. சின்னசாமி பொண்ணா" என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "வேணும்னா அந்தத் தம்பி மட்டும் உள்ள போயி வேலையப் பாக்கட்டும். வயசானவங்க நீங்க எதுக்கு தூசில? இங்க உக்காருங்க, காபி போடச் சொல்றேன்."

வந்ததே கோபம் எனக்கு! காபி வாசனை மூக்கில் ஏறியது, இன்னும் போட்டிராத காபி. "எனக்குக் காபி வேணாங்கய்யா. உங்க சுவத்துல எங்க கல்லு இருக்குதுன்னு தட்டிப் பாத்தவ நான். டிரில்ல நான்தான் புடிப்பேன். இல்லன்னா இந்த வேலைய நாங்க எடுக்கல. வெளியவும் சுத்தமாட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க."

யமுனா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாக்கா இது? ஏன் அந்த லைன் வெளியவே சுத்துச்சு?"

"உங்கப்பாவக் கேளு."

"அப்பா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "அந்தக் காலத்துல அப்படித்தான். ஆளுங்க உள்ள வர்றதில்ல."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "அதுக்குப் போயா? அதுக்காகவா போன இந்த ரூம்ல வச்சிருந்தீங்க?" என்றாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். "சரிப்பா. அக்கா போயிட்டாங்கன்னா நான் சென்னைக்குப் போவணும். உங்கள ஹோம்ல சேத்துட்டுப் போறேன். அங்க யாரு வந்து உங்களத் தூக்கறாங்க, எந்தத் தெருன்னு கேட்டு வச்சிக்கங்க."

முருகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். மிரட்டுவதற்காக மாட்டவில்லை, நிஜமாகவே கிளம்பிவிட்டேன். கூடத்துக்கு வந்தபோது பின்னாலிருந்து வாக்கரின் சத்தம் கேட்டது. டக், டக் என்று பெரியவர் வந்துகொண்டிருந்தார், யமுனா இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் நேரே சாமி அறைக்குள் போனார். "படத்த நான்தான் எடுக்கணும். ஊட்டுக்குப் பெரியவன்தான் எடுக்கணும்" என்றார்.

ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தோம். யமுனாவும் அவருமாகப் படத்தை இறக்கினார்கள். அவர் அதை மடியில் நிறுத்தி, இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். வேறு அறையில் வைக்கிறேன் என்றாள் யமுனா, வேண்டாம் என்றுவிட்டார். நான் டிரில்லை எடுத்தேன்.

முதலில் வெள்ளை கொட்டியது, அப்புறம் சிவப்பு. நிதானமாகப் போனேன். கொஞ்ச தூரத்தில் சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது, நிறுத்திவிட்டேன். முனையைக் கொஞ்சம் மேலே தூக்கிச் சந்தின் போக்கிலேயே போனேன். எலி கல்லைச் சுற்றித்தான் போயிருந்தது, அதன் பின்னாலேயே நானும் போனேன். தலை, முகம், ரவிக்கை எல்லாம் சுண்ணாம்பு. கடைசியில் முனை வெறும் காற்றில் சுற்றியது. "வந்துடுச்சிக்கா!" என்று அந்தப் பக்கமிருந்து யமுனா கத்தினாள்.

வளைந்து கொடுக்கும் இரும்புக் கம்பியை உள்ளே விட்டு, அதன் முனையில் கேபிளை நூலால் கட்டினேன். டேப் சுற்றினால் காரையில் சிக்கிக்கொள்ளும், நூல்தான் நழுவிப் போகும். முருகன் கூடத்தில் ஏணி மேல் நின்று கேபிளை விட்டான், யமுனா பின்னறையில் கம்பியை இழுத்தாள். நான் நடுவில், துளை வாயில் கேபிள் முறுக்காமல் விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன். கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது.

அப்போதுதான் பின்னால் படத்தின் கண்ணாடி லேசாகக் கடகடத்தது. திரும்பினேன். பெரியவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் அந்தக் கனத்தைப் பிடித்திருக்கிறார். படம் மடியிலிருந்து சரிகிறது. தரையில் வைக்க மனசு வரவில்லை. மகள் பின்னறையில், முருகன் கூடத்தில் ஏணி மேல். அந்த அறையில் நான் ஒருத்திதான்.

"எம்மா..." என்றார். "இதக் கொஞ்சம் புடிம்மா."

கையைப் புடவையில் துடைக்கப் போனேன். "பரவால்ல, புடி, புடி" என்றார். வாங்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது. பெருமாளின் கண்ணாடி மேல் என் விரல் பதிந்த இடமெல்லாம் சுண்ணாம்பு. அவர் அதைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது என்றால் நம்புவீர்களோ என்னவோ, வந்தது. நைனா நினைப்பில்தான். அவர் இதைப் பார்த்திருந்தால் வீட்டில் வந்து எப்படிச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பார்!

மிச்ச வேலை சாதாரண வேலை. வெளியே தெரிந்த கேபிளை உத்தரத்து மேலும் மூலை ஓரத்திலும் ஒளித்துவிட்டு, இரண்டு முனையையும் சீவி, நிற வரிசை பார்த்து, பிளக் போட்டு அழுத்தினேன். டெஸ்டரில் விளக்கு ஒன்று விடாமல் எரிந்தது. யமுனா கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள், அவள் துணியெல்லாம் சுண்ணாம்பு ஆனது. பெரியவர் கட்டிலுக்குத் திரும்பிவிட்டிருந்தார். அந்தப் பழைய டெலிபோன் வயரை அன்றைக்கே வெளிச்சுவரிலிருந்து பிடுங்கி எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை.

பாதி வழியில் ஏணியை மறந்துவிட்டோம் என்று முருகன் திரும்பிப் போனான். வந்ததும் ஒரு மாதிரியாக முழித்தான். "அக்கா, சாமி ரூம கழுவிக்கினு இருக்காங்க" என்றான்.

"தூசிடா" என்றேன். "அவ்வளோ தூசி. கழுவாம இன்னா பண்ணுவாங்க?"

தூசுக்காகக் கழுவினார்களா, எனக்காகக் கழுவினார்களா என்று நான் யமுனாவைக் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை. கழுவினால் தரையில் இருப்பதுதான் போகும், சுவருக்குள் இருப்பது எங்கே போகும்?

அதற்கப்புறம் அந்த லைன் ஒருநாளும் போனதில்லை. குரங்குக்கு எட்டாது, மழைக்கும் எட்டாது. யமுனா சென்னைக்குப் போகவில்லை, அப்பாவின் கடைசி நாள் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தாள். பெரியவர் போன வருஷம்தான் காலமானார், நானும் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன்.

இதை எழுதி முடித்துவிட்டு சந்தோஷுக்கு போன் செய்தேன். "டேய், கேபிள் சாமி ரூம் பின்சுவத்துல, பெருமாள் படத்துக்குப் பின்னாடி இருக்குது. பலகைக்குக் கொஞ்சம் மேல. மேஸ்திரிகிட்ட சொல்லி அந்த எடத்துல மட்டும் கொத்தாம, ஒரு சின்ன பைப்ப விட்டு அதுமேல டைல்ஸ் ஒட்டச் சொல்லு. எவன் சொன்னாலும் வெளிய சுத்தாத."

"சரிக்கா" என்றான். அப்புறம், எங்கள் தெருக்காரனாயிற்றே, கொஞ்சம் தயங்கினான். "படத்த எடுக்கணுமே. யாரு எடுக்கறது? ஊட்டுக்காரங்கள கூப்புடட்டுமா?"

"நீயே எடு" என்றேன். "கனமா இருக்கும். பாத்துப் புடி."